மாமா தானே தேடிக்கொண்ட இல்லம்

என் தாய்மாமா தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அத்தை இறந்ததும் கொஞ்ச காலம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியோடும் ஒரு மடக்கு நாற்காலியோடும் அண்ணாமலை நகரிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. அவருக்கு மிச்சமிருந்த நெருங்கிய சொந்தம் நான் ஒருத்திதான்.

என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை. ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்தோம். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாமா வந்த முதல் வாரத்திலேயே வீட்டுச் சட்டதிட்டங்கள் மாறிவிட்டன. கேஸ் சிலிண்டர் இடம் மாறியது. சாமி விளக்குக்கு மேலே தொங்கிய காலண்டர் எதிர்ச் சுவருக்குப் போனது. என் கணவர் செல்போனைத் தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுவதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுக்கு நீங்க தலமாட்டுல அடுப்பையே மூட்டிட்டுத் தூங்கலாம்," என்றார். என் கணவருக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்து போனை ஹாலில் வைத்தார்.

இப்படி எல்லோருக்கும் ஜாக்கிரதை சொன்ன மனிதர், ஒரு நாள் குளியலறையில் தன் பனியனைத் தானே துவைத்துவிட்டு, அந்தச் சோப்புத் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் மாடிப்படி இறங்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கிப் போவோம். மற்ற நாளெல்லாம் பால்கனிதான்.

ஒரு சாயங்காலம் நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாமா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் ஒரு ஹோம்ல சேரலாம்னு இருக்கேன்."

எனக்கு ஐம்பது வயது நெருங்கியும் அவருக்கு நான் பாப்பாதான்.

"என்னா மாமா இப்படி சொல்றீங்க? நாங்க என்னா கொற வெச்சோம்?"

"கொறன்னு யாரு சொன்னா? காலையில நீ போனா சாயந்தரம் வர்ற. மாப்ளயும் அப்படித்தான். நான் அந்த பால்கனியில காக்கா மாதிரி குந்திகினு இருக்கேன். கீழ போயி ஒரு டீ குடிக்க முடியல. தரையோட தரையா எனக்கு ஒரு எடம் வேணும். பேச்சுத் தொணைக்கு நாலு ஆளு வேணும்."

நான் அழுதேன். அவர் என் பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தார். பிறகு, "அழுது முடிச்சிட்டியா? ஞாயித்துக்கெழம எடம் பாக்கப் போறோம். நான் பாப்பேன். நீ சும்மா தொணைக்கு வா," என்றார்.

முதலில் போனது சிதம்பரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். வாசலிலேயே மீன்தொட்டி, கண்ணாடிக் கதவு, ஏசி போட்ட வரவேற்பறை. எனக்குப் பிடித்துப்போனது. மாமா அறைகளைப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்து, வாக்கரைப் பிடித்தபடி ஒரு காலை மெல்லத் தேய்த்துப் பார்த்தார். கூட வந்த மேலாளர் பதறிவிட்டார். வெளியே வந்ததும் மாமா என்னிடம், "கண்ணாடி மாதிரி டைல்ஸ் ஒட்டி வெச்சிருக்கான். இதுல நான் ஒரு வாரம் நிக்க மாட்டேன்," என்றார். இன்னொரு இடத்தில் எல்லாம் சுத்தமாகவும் நிசப்தமாகவும் இருந்தது. கட்டில்களில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் உள்ளே வந்ததும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். மாமா அங்கே எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அதற்கடுத்த வாரம்தான் கடலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இந்த இல்லத்துக்குப் போனோம். முன்னால் ஓட்டுக்கட்டடம், பின்னால் மாடி வைத்த புதுக்கட்டடம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. தாழ்வாரத்தில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு ஆயாம்மாவைப் பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் போட்ட பொங்கலில் மிளகு இல்லையாம். ஆயாம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நாளைக்கு மொளகுல கொஞ்சம் பொங்கலு போட்டுத் தரேன், போதுமா?" என்றாள். அவர்கள் மேலும் கத்தினார்கள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமாவோ முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"இங்கயே சேந்துக்கறேன் பாப்பா."

"மாமா, பாத்ரூம் பாக்கலியே?"

"அப்பறம் பாக்கலாம். சோறு சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா கத்தறாங்க பாரு. யாருக்கும் பயமில்ல. அது போதும்."

குளியலறையையும் பிற்பாடு பார்த்தார். தரை சொரசொரப்பாக இருந்தது, கைப்பிடிகள் ஆட்டம் கண்டிருந்தன. தலைமைச் சிஸ்டரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். சிஸ்டருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். குட்டையான உருவம், வேகமான நடை. "கைப்பிடியா? நாளைக்கே கொத்தனார வரச் சொல்றேன் ஐயா," என்றார். அப்படியே செய்தும்விட்டார். இந்த மனிதர் கைப்பிடியோடு நிறுத்தப்போவதில்லை என்று அவருக்கு அப்போது தெரியாது.

மாமாவுக்குத் தரைத்தளத்தில், இருவர் தங்கும் அறை கிடைத்தது. கூட இருந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர். கப்பலில் சமையல் வேலை பார்த்து, அப்புறம் துபாயில் பல வருஷம் இருந்து திரும்பியவர். பிள்ளைகள் வெளிநாட்டில். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். காது கேட்காது. மெஷின் வைத்திருந்தார், ஆனால் தனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். முதல் நாளே மாமாவை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க மச்சான். அல்ஹம்துலில்லாஹ், பேச ஆளு வந்துச்சி. இதுக்கு முந்தி இருந்தவரு ராப்பகலா தூங்குவாரு."

மாமாவைச் சேர்த்துவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் திரும்பும்போது, வீட்டில் அவர் மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பின் நினைவாகவே வந்தது. மறுநாள் போன் செய்தேன். "அப்பறம் பேசறேன், பாய் சீட்டு போட்டுட்டாரு," என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். சிஸ்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க மாமா நல்லா இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. ஆனா நீங்க ஒருதரம் வந்துட்டுப் போனா எனக்கு நல்லாருக்கும்."

போனேன். அலுவலக அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர், இந்தப் பக்கம் வாக்கரோடு மாமா. சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று தொங்கியது. ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். பொட்டு வைத்த இடத்துக்குக் கீழேதான், சிலிண்டரின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது.

"இத பாரு பாப்பா. பொட்டு வெச்சி மால போட்டு சாமி படம் மாதிரி மாட்டி வெச்சிருக்காங்க."

"ஐயா, அத மாத்தச் சொல்லிட்டேன். புதுசு வருது. அதுக்கு நான் சண்டையே போடல," என்றார் சிஸ்டர். "அந்த கேட்டுக்குத்தான் சண்டை."

சண்டை பின்பக்கக் கிரில் கேட்டைப் பற்றியது. முன்வாசலை விட்டால் வெளியே போக அது ஒன்றுதான் வழி. எந்நேரமும் பூட்டியிருக்கும், சாவி சிஸ்டரின் இடுப்பில். தீப்பிடித்தால் முன்பக்கம் வர முடியாதவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று மாமா கேட்டார். தன் பணிக்காலத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் எதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்று அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் முழுதாகச் சொல்லவில்லை. "பூட்ட ஒடைக்கறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு எங்களை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, முற்றத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாளைக் காட்டினார். புவனகிரிப் பக்கத்துக்காரர். வாழ்நாள் முழுக்கப் பால்மாடு வைத்துப் பிழைத்தவர். நினைவு தப்பிப்போய், மகள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். இல்லத்தில் அவருக்குப் பால்காரம்மா என்று பெயர். மதியம் சாய்ந்தால் போதும், மாடு கறக்கணும் என்று கிளம்பிவிடுவார்.

"போன வருசம் கேட்டு தொறந்துதான் இருந்துச்சி ஐயா. மெயின்ரோட்டுல லாரிக்கு முன்னாடி நின்னாங்க. அந்த டிரைவர் பிரேக் போட்டதால பொழச்சாங்க. நீங்க சொல்றதும் எனக்குப் புரியுது. ஆனா தீ எப்பவோ ஒருநாள் வரும், வராமலும் போகும். இவுங்க தெனம் கெளம்பறாங்க."

மாமா வாக்கரை ஜன்னலோரம் நகர்த்தினார். பால்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பகல்ல தொறந்து வைங்க. நான் அங்க சேர் போட்டு உக்காந்துக்கறேன். அவுங்களுக்கு நான் பொறுப்பு," என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் சாவி கைமாறியது.

அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் சீட்டுக்கட்டோடு கேட்டுக்கே வந்துவிட்டார். ஆட்டம் சூடு பிடித்தது. யார் ஏமாற்றினார் என்பதில் இரண்டு பேருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாக்குவாதத்துக்கு நடுவில் பால்காரம்மா அவர்கள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறார். தேடிப் போன ஆயாம்மா அவரைப் பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் புவனகிரி பஸ் வந்தால் சொல்லும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது, பாதி வழியில், வெயிலில், வாக்கரோடு மாமா வந்துகொண்டிருந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்தது அடிபட்டதற்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமாவே போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார். "பூட்டிக்கங்க சிஸ்டர்."

"பூட்டறது இருக்கட்டும், மொதல்ல உக்காருங்க ஐயா. வேர்த்துக் கொட்டுது," என்று சிஸ்டர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டார்கள். பகலில் பூட்டு வேண்டாம். உள்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கித் திறக்கலாம். திறந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி மணி. அந்த மணியை வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டபோது, அவர் மாட்டுக் கழுத்தில் கட்டுகிற பெரிய வெண்கல மணியை எடுத்துக் கொடுத்தார். இதைவிடச் சத்தமான மணி கோயிலில்தான் இருக்கும் என்றார்.

அதைக் கட்டின அன்று நான் இருந்தேன். மதியம் பால்காரம்மா வந்தார். கையைத் தூக்கித் தாழ்ப்பாளை நகர்த்தினார். மணி அடித்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். "வந்துட்டாளா கழுத," என்று சொல்லிவிட்டு, வாளி எடுக்கப் போகிறவரைப் போலத் திரும்பி உள்ளே நடந்தார். எல்லா நாளும் அப்படி நடந்ததென்று சொல்லமாட்டேன். சில நாள் மணியைச் சட்டையே செய்யாமல் வெளியே போய்விடுவார், ஆயாம்மா ஓடிப்போய்ப் பிடிப்பாள். ஆனாலும் பகலில் கேட்டுக்கு மறுபடி பூட்டு விழவில்லை.

அதற்குப் பிறகு சிஸ்டரும் மாமாவும் ஒரு கட்சி. ஒரு சனிக்கிழமை காலையில் ஒத்திகை வைப்பது என்று முடிவானது. தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். மாமா என்னையும் வரச்சொல்லியிருந்தார். தாழ்வாரத்தில் தொங்கிய மணியை அடிக்கச் சொன்னார். அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள், அவசர அவசரமாக நடந்தார்கள், நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இல்லத்தில் தாழ்வாரத்து மணி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணிக்குப் பதில் விசில் என்றானது. மாமாவின் பழைய பணிக்கால விசிலே பெட்டியில் இருந்தது. அடுத்த தடவை விசில் அடித்ததும் ஒருவர் பல்செட் எடுக்கத் திரும்பினார், ஒரு அம்மாள் புடவை மாற்றாமல் வெளியே வரமாட்டேன் என்றார். இரண்டு பேர் டிவி சீரியலில் விளம்பரம் வரட்டும் என்றார்கள். மாமா தொண்டை கிழியக் கத்தினார். "தீன்னா தீ! எதுக்கும் திரும்பிப் போவக் கூடாது! பல்லுக்கும் போவக் கூடாது, பணத்துக்கும் போவக் கூடாது!"

ஜோடி சேர்க்கிற யோசனை சிஸ்டருடையது. "இவுங்க யாரும் உத்தரவுக்கு எழ மாட்டாங்க ஐயா. ஆனா பக்கத்துல இருக்கறவங்கள விட்டுட்டு வர மாட்டாங்க." ஆளுக்கொரு துணை சொல்லிவைத்தார். நடக்க முடிகிறவருக்கு முடியாதவர், கண் தெரிகிறவருக்குத் தெரியாதவர். பால்காரம்மாவுக்கு சிஸ்டரே ஜோடி. மாமாவுக்குப் பாய். அதன் பிறகு நடந்த ஒத்திகையில், மெதுவாகத்தான் என்றாலும், எல்லோரும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர்களைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் மாதிரியே இருந்தது.

தீக்கு இவ்வளவு தயார் செய்தோம். வந்தது தண்ணீர்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மாமாவுக்கு ஸ்வெட்டரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று காலையிலேயே பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். இல்லத்தின் பின்னால் ஓடும் வாய்க்கால் நிரம்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சுவர் ஓரமாக ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் தாழ்வாரத்தில் ஏறிவிட்டது.

"மெயின ஆஃப் பண்ணு! மொதல்ல மெயின ஆஃப் பண்ணு!" என்று மாமாவின் குரல் கேட்டது. ஆயாம்மா ஓடிப்போய் நிறுத்தினாள். மின்விசிறிகள் நின்றன. மாமா விசிலை எடுத்து ஊதினார்.

அப்போதுதான் அது நடந்தது. விசில் கேட்டதும் பெரியவர்கள் எல்லோரும் எழுந்து, ஜோடியைத் தேடிக் கையைப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடியே வரிசையாக முற்றத்தை நோக்கி, வேப்பமரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் அதிகமாக இருந்ததே அந்த முற்றத்தில்தான்.

"மரத்துக்கு இல்ல! மாடிக்கு! எல்லாம் மாடிக்குப் போங்க!"

"நீங்கதான மரத்துக்குப் போவச் சொன்னீங்க?" என்று ஒரு அம்மாள் நின்று நியாயம் கேட்டார். சிஸ்டர் பால்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார். "என் பின்னால வாங்க. வாங்க, வாங்க," என்று புதுக்கட்டடத்து மாடிப்படி பக்கம் திரும்பினார். அவர் பின்னால் வரிசை அப்படியே வளைந்து திரும்பியது. நடக்கவே முடியாதவர்களை ஆயாம்மாக்களும் வாட்ச்மேனும் நானும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினோம். மாமா படிக்கட்டின் அடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, மேலே ஏறுகிற ஒவ்வொரு ஜோடியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய் எங்க?" என்றார் திடீரென்று.

பாய் குளித்துவிட்டு வந்தவர், காதில் மெஷின் இல்லை. மாடி என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து போவதைப் பார்த்து ஒத்திகை என்று நினைத்து, தன் பாட்டுக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வேப்பமரத்தடியில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். "மச்சான் இன்னும் வரலியே?" என்றார்.

எல்லோரும் மாடிக்கூடத்தில் சேர்ந்தோம். மாமாவும் கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், ஜெபம் சொன்னார்கள். பாய் மட்டும் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சொல்றாங்க? யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டபடியே இருந்தார். பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்கவில்லை. நான் குனிந்து அவர் காதருகே கத்திக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கேட்டார்.

"உங்க மாமா எங்க?"

படியில் ஓடினேன். கீழே தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அறை வாசலில் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாக்கர் தண்ணீரோடு எங்கேயோ போயிருந்தது. இன்னொரு கையில், தலைக்கு மேலே உயர்த்தி, பாயின் காது மெஷின் டப்பா.

பயத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உங்களுக்கு அறிவு இருக்கா மாமா? விழுந்திருந்தா என்னா ஆவறது? திரும்பிப் போவக் கூடாதுன்னு நீங்கதான கத்துனீங்க?"

"கத்தாத பாப்பா. அந்த ஆளு அங்க பேய் மாதிரி முழிச்சிகினு கெடக்கறான். காது இல்லாம அவன் என்னா பண்ணுவான்? தோள குடு."

அவருடைய பாரம் முழுக்க என் தோளில் இருந்தது. அந்தத் தாழ்வாரத்தைக் கடந்ததும் படி ஏறியதும் எப்படி என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் மூச்சு என் காதில் இரைந்ததுதான் நினைவிருக்கிறது. மேலே வந்ததும் பாய் மெஷினை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது சிஸ்டரின் திட்டைத்தான். அவ்வளவு கோபமாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. பல்லுக்கும் போகக் கூடாது, பணத்துக்கும் போகக் கூடாது என்று மாமா கத்தியதையெல்லாம் வரிசையாகத் திருப்பிச் சொன்னார். "காதுக்குப் போலாமா? காதுக்குப் போலாமான்னு சொல்லுங்க!" சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. மாமா தலையைக் குனிந்து, "தப்புதான் சிஸ்டர்," என்றார். பாய் மெஷினைச் சரிசெய்தபடி, "மச்சான் திட்டு வாங்கறத நல்லா கேக்க முடியுது. ரொம்ப தேங்க்ஸ்," என்றார். அழுதவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானம் பங்குக் கோயில் இளைஞர்கள் இடுப்புத் தண்ணீரில் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சோறு கொண்டுவந்தார்கள். பாத்திரங்கள் கீழே தண்ணீரில் கிடந்ததால் செய்தித்தாளில் வைத்துச் சாப்பிட்டோம். சோற்றில் உப்பு இல்லை என்று உடனே புகார் எழுந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. சேறு வாரிக் கழுவி முடிகிறவரைக்கும் சொந்தக்காரர்கள் அவரவர் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாயைப் பரங்கிப்பேட்டையிலிருந்து தங்கை மகன் வந்து அழைத்துப் போனார். நான் மாமாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டு இரண்டு மாடியையும் அவர் கைப்பிடியைப் பிடித்து, நடுநடுவே படியில் உட்கார்ந்து, தானே ஏறினார். என் கணவர் கைதட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை முளைத்தது. ஏறத்தான் முடிகிறதே, இனி இங்கேயே இருந்துவிடலாமே.

கேட்கவும் செய்தேன். மாமா என் தலையைத் தொட்டார். "பாக்கலாம் பாப்பா," என்றார். அவர் அப்படிச் சொன்னால் இல்லையென்றுதான் பொருள், எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து பாயோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். கீழே சுவிட்ச் போர்டுகளை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று சிஸ்டருக்குப் போனில் சொன்னார். படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்றார். தண்ணீருக்கு ஒரு விசில், தீக்கு ஒரு விசில் என்று வேறு வேறு மாதிரி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நடக்கிறது என்று மேலே வந்து விசாரித்தார்கள். இல்லம் தயாராகிவிட்டது என்று சிஸ்டர் சொன்ன மறுநாள் காலை, நான் எழுந்து வந்தபோது அவர் குளித்து, சட்டை மாற்றி, பையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

நானே கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வழியெல்லாம் வயலில் நின்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். இல்லத்தின் வாசலில் சிஸ்டர் சேலை முனையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா ஐயா? நல்ல நேரத்துல வந்தீங்க. சமையக்கட்டு சிலிண்டருக்கு வெளியில தனியா ரூம் கட்டறாங்க. கதவு எந்தப் பக்கம் தொறக்கணும்னு மேஸ்திரி கேக்கறாரு. எனக்குத் தெரியல, வந்து பாத்துச் சொல்லுங்க."

"வெளிப்பக்கம்தான் சிஸ்டர், இதுல என்னா கேள்வி? எங்க அந்த மேஸ்திரி?" என்றபடி மாமா புது வாக்கரைத் தட்டித் தட்டிக்கொண்டு அவர் பின்னால் வேகமாகப் போய்விட்டார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் அவருடைய பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். பாய் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உக்காரும்மா, மச்சான் வர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் போடலாம்," என்றார். எனக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.